கராச்சிக்காரியும் காலி இடமும்

எனக்கு எழுபத்தாறு வயது நடக்கிறது. ஆறு பிள்ளைகளை வளர்த்தேன். நாலு நான் பெற்றது. இரண்டு என் தங்கை விட்டுவிட்டுப் போனது. ஆறில் ஒன்றுகூடச் சோடை போகவில்லை. பெருமைக்குத்தான் சொல்கிறேன், அதில் எனக்கு வெட்கம் இல்லை. படிப்பு இரண்டாங்கிளாஸோடு சரி. என் பெயரை எழுதுவேன், போர்டு பார்த்து பஸ் ஏறுவேன். அதற்கு மேல் எழுத்துக்கும் எனக்கும் பேச்சுவார்த்தை கிடையாது. அதனால் நான் சொல்கிறேன், பேத்தி நோட்டில் எழுதுகிறாள். அவசரம் ஒன்றும் இல்லை. அவளுக்குப் பரீட்சை முடிந்துவிட்டது. எனக்கு எப்போதோ முடிந்துவிட்டது.

சொல்ல வந்தது எங்கள் எதிர்வீட்டில் இருபது வருஷத்துக்கு மேல் குடியிருந்த ஒருத்தியைப் பற்றி. அவள் பெயரை எழுதாதே என்று பேத்தியிடம் முதலிலேயே சொல்லிவிட்டேன். அவள் பிறந்த நாடு பாகிஸ்தான். பெயர் எந்தக் காகிதத்தில் ஏறினால் என்ன வம்பு வருமோ என்று பாதி வயது பயந்தே கழித்தவள். இப்போது அந்தப் பயம் இல்லை. இருந்தாலும் என் வாயால் எதற்கு? தெருவுக்கு அவள் கராச்சிக்காரி. முகத்துக்கு நேராகவே அப்படித்தான் கூப்பிட்டார்கள், அவளும் "இன்னா?" என்று திரும்பிப் பார்ப்பாள். என்னை மட்டும் ஆபா என்பாள். அக்கா என்று அர்த்தம்.

அவளுடைய தாத்தா ஆம்பூர்ப் பக்கத்துக்காரர். நாடு பிரிந்த காலத்தில் கராச்சிக்குப் போனவர். போனாலும் இங்கே சொந்தம் விட்டுப்போகவில்லை. அவருடைய தம்பி பேரன் திருவண்ணாமலையில் டிரங்குப் பெட்டி செய்கிற கடை வைத்திருந்தான். அவன் அங்கே போய் நிக்காஹ் செய்து, எல்லை தாண்டி டெல்லி வந்து, ரயில் மாறி மாறி இவளைக் கூட்டிவந்தான். வந்து இறங்கிய அன்று தெருவே கூடிவிட்டது. பாகிஸ்தான் பெண் எப்படி இருப்பாளோ என்று. நம் வீட்டுப் பெண் மாதிரியே இருந்தாள். சில பேருக்கு அதில் ஏமாற்றம்.

தமிழ் கொஞ்சம் வரும். அதிலும் ஒரு கூத்து. கராச்சியில் இவள் பாட்டி மற்ற நேரத்தில் உருது பேசுவாளாம், கோபம் வந்தால் மட்டும் தமிழாம். ஆகவே இவளுக்குத் தெரிந்த தமிழ் முழுக்கத் திட்டுகிற தமிழ். வந்த வாரமே எங்கள் வீட்டுக்கு உப்புக் கேட்டு வந்தாள். முந்தானையைத் தலையில் இழுத்துவிட்டுக்கொண்டு, கண்ணைத் தாழ்த்தி, ரொம்ப மரியாதையாக, "எங்கடி வெச்சுத் தொலைச்சே உப்ப?" என்று கேட்டாள். நான் உப்பை எடுத்துக் கொடுத்தேன். உள்ளே போய்த்தான் சிரித்தேன்.

அவளிடம் ஒரு குணம் உண்டு. எங்கேயாவது ஓர் இடம் காலியாகக் கிடந்தால் அவளுக்குப் பொறுக்காது. வந்த மூன்றாம் மாதம் அவள் மாமியாருடைய அரிசி டிரம்மில் ஒரு மயில் உட்கார்ந்திருந்தது. அப்புறம் தண்ணீர்க் குடத்து மூடியில் ரோஜா. குளியலறைத் தகரக் கதவில் ஓர் அருவி, அருவிக்குப் பக்கத்தில் ஒரு சின்ன வீடு. மாமியார் கத்தினாள். இவள் சரி சரி என்று தலையாட்டிக்கொண்டே கதவின் பின்பக்கத்தையும் முடித்தாள்.

அவள் அப்பா கராச்சியில் லாரிக்குப் படம் எழுதுகிறவர். அதைப் பற்றி ஆரம்பித்தால் நிறுத்தமாட்டாள். "அங்க லாரின்னா கல்யாணப் பொண்ணு மாதிரி, ஆபா. டயர மட்டும்தான் சும்மா விடுவாங்க," என்பாள். பன்னிரண்டு வயதுக்கு மேல் பெண் பிள்ளைகள் பட்டறைக்குப் போகக் கூடாதாம். அப்பா தகரத்தைத் துண்டு துண்டாக வீட்டுக்குக் கொண்டுவருவாராம். இவளும் இவள் அக்காவும் சமையல்கட்டில் உட்கார்ந்து பூப் போடுவார்களாம். அப்பா அதைக் கொண்டுபோய் லாரியில் அடித்துவிடுவார். எந்தப் பூ ஆண் போட்டது, எந்தப் பூ பெண் போட்டது என்று ஒருத்தருக்கும் தெரியாது. நாங்கள் வீட்டை விட்டு வெளியே போனதில்லை, எங்கள் பூ மட்டும் லாகூர், பெஷாவர் என்று ஊர் சுற்றிவந்தது என்பாள். சிரித்துக்கொண்டுதான் சொல்வாள். கேட்கிற எனக்குத்தான் சிரிப்பு வராது.

இங்கேயும் அதே கதைதான் முதலில். புருஷன் கடையில் டிரங்குப் பெட்டிகளுக்கு அவள் படம் போட்டுக் கொடுத்தாள். கல்யாணத்துக்குப் பெட்டி வாங்குகிறவர்கள் அந்தப் பெட்டியைத்தான் கேட்டார்கள். யார் போட்டது என்று கேட்டால் புருஷன், ஆளு வெச்சிருக்கேன் என்று சொல்வான். நல்லவன்தான். தெருவுக்குப் பயந்தவன். கிரிவலப் பாதையில் வண்டி ஓட்டுகிற ஆட்டோக்காரப் பையன் ஒருவன் எங்கள் தெருவில் இருந்தான். அவன்தான் ஒருநாள் வண்டியின் பின்பக்கத் தகரத்தைக் கழற்றிக்கொண்டு நேரே அவள் வாசலுக்கு வந்து, "அக்கா, இதுல மலையப் போட்டுக் குடுங்க, தீபத்தோட," என்றான். போட்டுக் கொடுத்தாள். மலை நம் மலைதான். அதைச் சுற்றிக் கராச்சி ரோஜா, மேலே இரண்டு மயில், மலை உச்சியில் தீபம் எரிவதைப் பார்க்க இரண்டு பெரிய கண். கீழே மூலையில் சின்னதாகத் தன் பெயரை எழுதியிருந்தாள். மாமியார் தலையில் அடித்துக்கொண்டாள். பெண்பிள்ளை பெயர் ஆட்டோ பின்னால் ஊர் சுற்றுகிறதே என்று.

நான்கூடக் கேட்டேன், பெயர் எதற்கம்மா என்று. அவள் சொன்னது இன்னும் காதில் இருக்கிறது. "காலியா விட்டா எவனாவது வந்து கோடு போட்டுடுவான், ஆபா."

அந்தக் கோடு என்ன என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது.

அவள் நாட்டில் நிக்காஹுக்கு அச்சடித்த பத்திரம் உண்டாம். கட்டம் கட்டமாக இருக்குமாம். பதினெட்டாவது கட்டத்தில் ஒரு கேள்வி: தேவைப்பட்டால் தானே விலகிக்கொள்ளும் உரிமையைப் புருஷன் இவளுக்குக் கொடுத்திருக்கிறானா? சட்டத்தில் இருக்கிற கட்டம்தான். ஆனால் நல்ல நாளும் அதுவுமாக விலகுகிற பேச்சு எதற்கு என்று பெரியவர்கள் சொல்வார்களாம். எழுதுகிறவர் அந்தக் கட்டங்களின் மேல் ஒரே இழுப்பாகக் கோடு போட்டுவிடுவாராம். பெண்ணிடம் காட்டக்கூட மாட்டார்களாம். இவள் அக்காவுக்கு அப்படித்தான் போட்டார்கள். அடிக்கிற புருஷன் வாய்த்தான். விலக வேண்டும் என்றபோது பத்திரத்தை எடுத்துப் பார்த்தால் கோடு. கோர்ட்டுக்கு நாலு வருஷம் நடந்தாள். அதனால் இவள் நிக்காஹ் சமயத்தில், அப்பாவின் தூரிகையையே அவர் கையில் கொடுத்து, முதலில் இந்தக் கட்டத்தை நிரப்புங்கள், அப்புறம் மாப்பிள்ளையை உள்ளே கூப்பிடுங்கள் என்றாளாம். லாரிக்கு எழுதுகிற எழுத்தில் அவர் பெரிதாக 'ஆம்' என்று எழுதினார். இங்கிருந்து போன மாப்பிள்ளை அதைப் படித்துவிட்டு உடனே கையெழுத்துப் போட்டான். அதனால்தான் அவனை நல்லவன் என்றேன்.

இதை அவள் சொன்ன அன்று எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. காரணம் என் தங்கை.

எங்கள் பள்ளிவாசலில் கல்யாணம் பதிகிற பெரிய புத்தகத்துக்குத் தப்தர் என்று பெயர். அதிலும் நிபந்தனை எழுத ஓர் இடம் உண்டு. என் தங்கை நிக்காஹ் அன்று எங்களைப் பெற்ற அத்தா, "அதெல்லாம் எதுக்குங்க, கோடு போட்டுடுங்க," என்று சொன்னது திரைக்குப் பின்னால் நின்றிருந்த எனக்குக் கேட்டது. அவருக்கு எவ்வளவு பெருந்தன்மை என்று நினைத்துக்கொண்டேன். அவளைக் கட்டியவன் துபாய் போனான். இரண்டு பிள்ளை ஆன பிறகு போனவன். வரவும் இல்லை, விடவும் இல்லை. ஜமாத்தில் கடிதம் போட்டார்கள். என் வீட்டுக்காரர் பதினோரு வருஷம் ஒவ்வொருத்தர் வாசலாக நின்றார். தலாக்குக்கு அவன் போட வேண்டிய ஒரு கையெழுத்துக்காக. அது வருவதற்குள் தங்கை மௌத்தாகி மண்ணுக்குப் போய்விட்டாள். அவளுடைய இரண்டில் சின்னதுதான் ஜரீனா. நான் வளர்த்த ஆறில் கடைசி.

கராச்சிக்காரி இந்த ஊரைத் தாண்டி எங்கேயும் போக முடியாது. அவள் விசா திருவண்ணாமலைக்கு மட்டும். கீழ்பென்னாத்தூரில் ஒரு கல்யாணம் என்றால்கூட, பஸ்ஸில் முக்கால் மணி நேரம், முதலில் அனுமதி வாங்க வேண்டும். வருஷா வருஷம் வேங்கிக்கால் சர்க்கார் ஆபீசுக்குப் போய்ப் பாரம் நிரப்பிக் கொடுக்க வேண்டும். ஒருமுறை நான் துணைக்குப் போனேன். தொழில் என்று ஓர் இடம் இருந்ததாம். அங்கே உட்கார்ந்திருந்தவர் வயதானவர், நல்ல மாதிரி. "இல்லத்தரசின்னு போடும்மா, இல்ல ஒரு கோடு போட்டு விட்டுடு. எதுனா எழுதினா மேல கேள்வி கேப்பாங்க," என்றார். அவள் நல்லதுக்குச் சொல்கிறார் என்று எனக்கே தெரிந்தது. இவள் பேனாவை எடுத்தாள், வைத்தாள், மறுபடி எடுத்தாள். கடைசியில் எழுதினாள். என்ன எழுதினே என்று வெளியே வந்து கேட்டேன். படம் வரைபவர். அந்த வருஷம் இரண்டு மாதம் தூக்கம் இல்லாமல் இருந்தாள், என்ன கேட்பார்களோ என்று. ஒருத்தரும் ஒன்றும் கேட்கவில்லை.

அவளைத் தைரியசாலி என்று எழுதிவிடாதே என்று பேத்தியிடம் சொன்னேன். அவள் பயந்தாங்கொள்ளிதான். பயத்தோடேயே செய்வாள்.

அவள் அம்மா இறந்த செய்தி போனில் வந்தது. போக ஓர் அனுமதி, திரும்பி வர ஓர் அனுமதி, இரண்டும் கைக்கு வர எத்தனை நாள் ஆகுமோ தெரியாது. அதற்குள் அங்கே மண்ணில் வைத்துவிட்டார்கள். அதற்குப் பிறகு அவள் எழுந்திருக்கவில்லை. தலை வாரவில்லை, பெற்ற மகனைப் பார்க்கவில்லை, சாயம் எல்லாம் டப்பாவிலேயே காய்ந்து கட்டியானது. நான் காலையில் போய்க் கஞ்சி ஊட்டிவிட்டு வருவேன். ஊட்டினால் விழுங்குவாள், அவ்வளவுதான். காத்துக் கறுப்பு என்றார்கள். தர்காவில் கட்டிப்போடு என்றுகூட ஒருத்தி சொன்னாள். எனக்கும் பயமாகத்தான் இருந்தது.

கராச்சியில் இருந்து அவள் அக்கா தினமும் பேசினாள். கோர்ட்டுக்கு நடந்த அதே அக்கா. விடுதலை கிடைத்த பிறகு அங்கே ஒரு பெரிய அறை எடுத்துப் பெண்களை வைத்துத் துணியில் ஒட்டுவேலை செய்யும் போர்வை தைக்கிறாள், வாரத்தில் ஒருநாள் அந்தப் பெண்களோடு பேச ஒரு மனநல டாக்டரம்மா வருவாள் என்று பிறகு தெரிந்துகொண்டேன். அந்த அக்காதான் போனில், நானும் இப்படிக் கிடந்தவள்தான், இது வியாதி, மாத்திரை உண்டு, எழுந்து போ என்று விடாமல் சொன்னாள்.

அப்படி ஒரு மனநல டாக்டர் எங்கள் ஊரிலேயே இருந்தார். அவரிடம் போகிறவர்கள் கண் காட்டப் போகிறேன், பல் பிடுங்கப் போகிறேன் என்பார்கள். நானும் அப்படித்தான் சொல்லலாம் என்றிருந்தேன். தெருமுனையில் ஒருத்தி எங்கே போறீங்க என்று கேட்டாள். கராச்சிக்காரி ஒரு மாதமாக யாரிடமும் பேசாதவள், நின்று, "மனசு டாக்டர்கிட்ட," என்றாள். அதோடு விடவில்லை. "வரியா?" என்று அவளையும் கேட்டாள். அவள் வரவில்லை, அன்றைக்கு. அடுத்த மாதம் யாருக்கும் தெரியாமல் என்னிடம் வந்து டாக்டர் வீட்டுக்கு வழி கேட்டாள்.

ஐந்தாறு மாதத்தில் கராச்சிக்காரி தேறினாள். ஒருநாள் காலையில் போய்ப் பார்த்தால் புதுச் சாயம் வாங்கி வைத்து, மண்ணெண்ணெயில் தூரிகை கழுவிக்கொண்டிருந்தாள். நான் வாசல்படியிலேயே உட்கார்ந்து அழுதுவிட்டேன். அவள் பாட்டியின் தமிழில் என்னைத் திட்டினாள்.

இவ்வளவும் சொன்னது ஜரீனாவின் நிக்காஹுக்கு வருவதற்காக.

ஜரீனா நர்ஸ் படிப்பு முடித்து வேலைக்குச் சேர்ந்திருந்தாள். மாப்பிள்ளை கீழ்பென்னாத்தூர், மல்லாட்டை என்கிற வேர்க்கடலை வியாபாரக் குடும்பம். அவன் பாஸ்போர்ட் எடுத்து வைத்திருக்கிறான், துபாய் போகிற எண்ணம் இருக்கிறது என்று கேள்விப்பட்டதும் எனக்குத் தங்கை ஞாபகம் வந்துவிட்டது. நல்ல இடம், விடவும் மனமில்லை. கராச்சிக்காரியிடம் போனேன். தப்தரில் எழுதச் சொல்லலாம் ஆபா, இங்கேயும் செல்லும் என்றாள். ஆனால் நீங்கள்தான் கேட்க வேண்டும் என்றாள். அந்தச் சமயம் அவளுக்குக் குடியுரிமை கிடைக்கிற கட்டம், அதிகாரிகள் வீட்டுக்கு வந்து விசாரித்துக்கொண்டிருந்தார்கள். "நான் சபைல பேச மாட்டேன். ஒரு புகார் போதும், எல்லாம் போயிடும்," என்றாள். எனக்குப் புரிந்தது.

எனக்கோ எழுதிக் கொடுத்தால் படிக்கத் தெரியாது, சொல்லிக் கொடுத்தால் பயத்தில் மறந்துவிடும். அதற்கு அவள் ஒரு வழி கண்டுபிடித்தாள். ஜரீனாவின் கல்யாண டிரங்குப் பெட்டி மூடியின் உட்பக்கத்தில் மூன்று படம் போட்டாள். முதலில் பையை மாட்டிக்கொண்டு பஸ் ஏறுகிற நர்ஸ்: வேலையை விடச் சொல்லக் கூடாது. இரண்டாவது ஒரு விமானம், கீழே கையில் சாவியோடு ஒரு பெண்: அவன் வெளிநாடு போய் ஒரு வருஷம் செலவுக்கும் அனுப்பாமல் வரவும் செய்யாமல் இருந்தால், அவன் கையெழுத்துக்குக் காத்திருக்காமல் அவளே விலகிக்கொள்ளலாம். மூன்றாவது ஒரு ரயில்: தாய் வீட்டுக்குப் போய்வர அவள் யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை. அந்த மூன்றாவதை நான் கேட்கவில்லை. அவளாகப் போட்டது. ஏன் என்று நானும் கேட்கவில்லை.

என் வீட்டுக்காரர் மாப்பிள்ளை வீட்டில் இதைச் சொல்லிவிட்டு வந்தார். பாத்துக்கலாம் என்றார்களாம். நிக்காஹ் நடத்தி வைக்கிற ஹஜ்ரத்திடமும் சொன்னார். அவரும் பாத்துக்கலாம் என்றார். நானும் நம்பினேன்.

நிக்காஹ் அன்று ஆண்கள் எல்லாம் மண்டபத்தில் கீழே. நாங்கள் மாடியில், பெண் அறையில், டிரங்குப் பெட்டியும் எங்களோடு. பள்ளிவாசலில் பாங்கு சொல்கிற மோதினார் தப்தரைத் தூக்கிக்கொண்டு என் வீட்டுக்காரரோடும் சாட்சிகளோடும் மேலே வந்தார், பெண்ணின் கையெழுத்து வாங்க. ஜரீனா பேனாவை வாங்கிவிட்டாள். பக்கத்தில் இருந்த கராச்சிக்காரி குனிந்து தப்தரைப் பார்த்தாள். அவள் முகம் போன போக்கைப் பார்த்தே எனக்குத் தெரிந்துவிட்டது. நிபந்தனை எழுதுகிற இடத்தில் மூலைக்கு மூலை ஒரு கோடு. கராச்சிக்காரி ஜரீனா விரலில் இருந்து பேனாவை உருவி, மூடியை மாட்டி, என் கையில் வைத்தாள்.

நான்தான் பேச வேண்டும். படித்துக் காட்டுங்கள் என்றேன். மோதினார் பெயர், அத்தா பெயர், மாப்பிள்ளை கொடுக்கிற மஹர் தொகை எல்லாம் படித்தார்.

"அப்புறம்?"

"அப்புறம் ஒண்ணும் இல்லம்மா. காலி."

"காலின்னா கோடு எதுக்கு?"

"எல்லாப் பக்கத்துலயும் நேத்தே போட்டு வெச்சுட்டேம்மா. கூட்டத்துல நேரம் ஆவும்னு."

அவர் பொய் சொல்லவில்லை. எத்தனையோ வருஷமாக அப்படித்தான் செய்கிறார். யார் கேட்டார்கள்?

என் வீட்டுக்காரர், கீழே எல்லோரும் காத்திருக்கிறார்கள், இப்போது போய் என்று ஆரம்பித்தார். நான் அவரைப் பார்த்தேன். "அவ அம்மாவுக்கும் இதே மாதிரிதாங்க போட்டாங்க," என்றேன். பதினோரு வருஷம் வாசல் வாசலாக நின்ற மனுஷன். தப்தரை வாங்கிக்கொண்டு கீழே இறங்கினார்.

கொஞ்ச நேரத்தில் கீழே சத்தம். மாப்பிள்ளையின் மாமன் குரல்தான் பெரிது. நிக்காஹுக்கு முன்னாலேயே தலாக் பேசுகிற குடும்பமா இது என்று மாடிவரைக்கும் கேட்டது. ஜரீனா என் கையைப் பிடித்தாள். "பெரியம்மா, விட்டுடலாம்," என்றாள். அவள் வாழ்க்கையை நானே கெடுத்துவிட்டேனோ என்று நினைத்தேன். கராச்சிக்காரி சுவரோடு ஒட்டி உட்கார்ந்திருந்தாள்.

அப்போதுதான் மாப்பிள்ளையின் அம்மா படி ஏறி வந்தாள். முழங்கால் வலிக்காரி. ஒவ்வொரு படிக்கும் நின்று நின்று வந்து, நாற்காலியில் உட்கார்ந்து, தண்ணீர் வாங்கிக் குடித்து, அதற்குப் பிறகுதான் பேசினாள்.

"இன்னாதான் எழுதணும்? எங்க, காட்டுங்க."

"எழுதி இல்லைங்க. வரைஞ்சு வெச்சிருக்குது," என்று பெட்டி மூடியைத் திறந்தேன். ஒவ்வொரு படமாக விரல் வைத்து நான் படித்தேன். ஆமாம், படித்தேன் என்றுதான் சொல்வேன். ஒரு சொல் தடுக்கவில்லை.

அந்த அம்மா விமானத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். "இதுல போறவன் எம் புள்ளையா?"

"இல்லைங்க. இவ அம்மாவைக் கட்டினவன்."

அவள் படத்தில் இருந்த சாவியைத் தொட்டுப் பார்த்தாள்.

"எம் புள்ளை அப்படிப்பட்டவன் இல்ல," என்றாள்.

"ரொம்ப நல்லதுங்க. அப்ப இந்த எழுத்து ஒரு ஓரமா கெடக்கட்டும். மழை இல்லாதப்ப குடை கெடக்கற மாதிரி."

அவள் மூன்று படத்தையும் மறுபடி பார்த்தாள். பிறகு விரலை நீட்டி மூடியின் நாலாவது மூலையைத் தொட்டாள். "இந்த எடம் காலியா கெடக்குதே?" என்றாள். "அப்ப எனக்கும் ஒண்ணு எழுதுங்க. இவ வேலைக்குப் போவட்டும், எனக்கு ஒண்ணும் இல்ல. ஆனா கொயந்தயப் பெத்து எம் மடியில போட்டுட்டுப் போவக் கூடாது. நான் ஆறு வளத்து முழங்கால் போச்சு. அவளும் அவனும் பாத்துக்கணும். நான் காலை நீட்டிக்கினு டீ குடிக்கணும். அதையும் எழுதுங்க."

ஒருத்தி சிரித்தாள். அப்புறம் அறை முழுக்கச் சிரித்தது. ஜரீனா முக்காட்டுக்குள் குலுங்கினாள். அழுகிறாளா சிரிக்கிறாளா என்று தெரியவில்லை. சுவரோரம் இருந்த கராச்சிக்காரி அன்றைக்கு முதல் முறையாக வாயைத் திறந்தாள். "எழுதலாங்க. எடம் இருக்குது," என்றாள்.

அந்த அம்மா எழுந்து மாடிப்படியின் மேல்படியில் நின்று தம்பியைக் கூப்பிட்டாள். "டேய், கத்தாத. எழுதச் சொல்லு. கட்டிக்கப் போறவன் சம்மதம் சொன்னா போதும், நீ ஒண்ணும் கட்டிக்கப் போறதில்ல." கீழே மாப்பிள்ளை ஏற்கெனவே ஹஜ்ரத்திடம் எழுதுங்கள் என்று சொல்லிவிட்டானாம். மாமன் போட்ட சத்தத்தில் அது யாருக்கும் கேட்கவில்லை.

ஹஜ்ரத் கோட்டுக்கு மேலேயே மூன்றையும் எழுதினார். ஓரத்தில், கோடு தவறுதலாகப் போடப்பட்டது என்று எழுதி இரண்டு தரப்பிலும் கையெழுத்து வாங்கினார். நாலாவதை எழுத மாட்டேன், இதெல்லாம் தப்தரில் எழுதுகிற விஷயமா என்றார். முழங்கால் வலிக்காரி நானே படி இறங்கி வரவா என்று மேலேயிருந்து கேட்டாள். குழந்தை வளர்ப்பு இருவர் பொறுப்பு என்று எழுதி முடித்தார். தப்தர் மேலே வந்ததும் நான் மறுபடி முழுக்கப் படிக்கச் சொன்னேன். மோதினார் இந்த முறை நிதானமாகப் படித்தார். ஜரீனா கையெழுத்துப் போட்டாள். என் நெஞ்சில் இருந்து அம்மிக்கல்லை இறக்கி வைத்த மாதிரி இருந்தது. அன்று இரண்டு தட்டு பிரியாணி சாப்பிட்டேன். என் வயதுக்கு அது ஜாஸ்தி.

மறுநாள் கராச்சிக்காரி சாய டப்பாவோடு வந்து நாலாவது மூலையை முடித்தாள். ஓர் அம்மா நாற்காலியில் காலை நீட்டி டீ குடிக்கிறாள், தூரத்தில் ஓர் ஆண் தோளில் குழந்தையைப் போட்டுத் தட்டிக்கொடுக்கிறான்.

ஜரீனா புருஷன் துபாய் போகத்தான் போனான். மூன்று வருஷம் இருந்தான். மாதா மாதம் அனுப்பினான், சொன்ன தேதிக்குத் திரும்பி வந்தான். அந்த எழுத்துக்கு இன்றுவரை வேலை வரவில்லை. வரவே வேண்டாம். ஆனால் அந்த மூன்று வருஷமும் என் பெண் ராத்திரி நிம்மதியாகத் தூங்கினாள், அவள் அம்மா தூங்காத தூக்கம். மோதினார் இப்போதெல்லாம் முன்கூட்டிக் கோடு போடுவதில்லை. எல்லோரும் எழுதுகிறார்கள் என்று சொல்லமாட்டேன். கேட்டுவிட்டுப் போடுகிறார். அதுவே போதும்.

கராச்சிக்காரிக்கும் குடியுரிமைக் காகிதம் வந்தது. வந்த அன்று என்ன செய்தாள் தெரியுமா? அனுமதி கேட்காமல் போகலாம் என்று, காரணம் எதுவும் இல்லாமல், என்னையும் இழுத்துக்கொண்டு பஸ் ஏறிக் கீழ்பென்னாத்தூர் போனாள். அங்கே இறங்கி ஒரு டீ குடித்தோம். அடுத்த பஸ்ஸில் திரும்பி வந்துவிட்டோம். இப்போது மகனோடு பெங்களூரில் இருக்கிறாள். பெண்கள் சிலரைச் சேர்த்துக்கொண்டு பள்ளிக்கூடச் சுவர்களுக்குப் படம் போடுகிறார்களாம். கராச்சி அக்காவும் இவளும் போனில் ஒருத்திக்கொருத்தி படம் அனுப்பிக்கொள்கிறார்கள். மாத்திரை நிறுத்தி வெகு காலம் ஆயிற்று என்றாள். தேவைப்பட்டால் மறுபடி போடுவேன், அதில் என்ன என்றும் சொன்னாள்.

சொல்ல வந்தது அவ்வளவுதான். எழுதிக்கொண்டிருக்கிற பேத்தி ஜரீனாவின் மூத்த பெண், என்னை நன்னிமா என்பாள், அவள் அப்பாவைப் பெற்றவளைத் தாதிமா என்பாள். அவள் பேனாவை வைத்துவிட்டு என்னைப் பார்க்கிறாள்.

"நன்னிமா, தாதிமா சொன்னத அப்படியே எழுதிட்டேன். முழங்கால், டீ எல்லாம். அவங்களுக்குத் தெரிஞ்சா திட்ட மாட்டாங்க?"

"தெரியட்டும். அவங்க சொன்னதுதானே. எங்க, மொதல்ல இருந்து படி. மெதுவாப் படி, ஒரு வார்த்த விடாம. அந்த எடம் வரும்போது மட்டும் கொஞ்சம் சத்தமா. உள்ளதான் உக்காந்துக்கினு இருக்காங்க, காலை நீட்டிக்கினு."